ஒரு சாண் தூரம்: ஒலிப்பதிவு கேள்வி-பதில்

சத்துவாச்சாரியில் எங்கள் வீடு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. பாட்டியின் தாலாட்டுகளைப் பதிவுசெய்ய ஆசை. லாரிச் சத்தம் இல்லாத நேரம் எது?
*கல்லூரி மாணவி, சத்துவாச்சாரி*

அப்படி ஒரு நேரம் கிடையாது. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் லாரி தூங்குவதில்லை. நேரத்தைத் தேடாதீர்கள், அறையைத் தேடுங்கள். சாலையிலிருந்து தள்ளியிருக்கும் உள்ளறை, அதில் மெத்தையும் கொடியில் துணிகளும் இருந்தால் இன்னும் நல்லது; எதிரொலியை அவை குடித்துவிடும். பாட்டி சாலைப் பக்கம் பார்த்து உட்காரட்டும். அப்போதுதான் ரெக்கார்டரின் முகம் பாட்டிக்கும் முதுகு சாலைக்கும் இருக்கும்.

அடுத்தது தூரம். வாயிலிருந்து ஒரு சாண், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில். 'ப' சொல்லும்போது வரும் மூச்சு மைக்கில் மோதாது. தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் கூடும். ஒரு மீட்டரிலிருந்து கால் மீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். லாரி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். 'லோ கட்' என்ற வசதியை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். லாரியின் அடித்தொண்டை உறுமல் குறையும், பாட்டியின் குரலுக்குச் சேதமில்லை.

ரெக்கார்டர் வாங்கியே ஆக வேண்டுமா, போன் போதாதா?
*வாசகர், காட்பாடி*

ஒருவர் உட்கார்ந்து பேசுவதற்குப் போதும். ஒரு சாண் தூரத்தில் இருக்கும் போன், மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் விலையுயர்ந்த ரெக்கார்டரை ஜெயிக்கும். மறக்காமல் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். லெவலைக் கையால் வைக்கவும், ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பதியவும், பம்பை, உடுக்கை போன்ற பெரிய சத்தத்தைச் சமாளிக்கவும் வேண்டும் என்றால் ரெக்கார்டர் வாங்குங்கள். ரெக்கார்டர் வாங்கிவிட்டால் ஹெட்போன் இல்லாமல் எதையும் பதியாதீர்கள். நம் காது பழகிப்போன சத்தத்தை ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது.

மே மாதம் வேலூரில் ஃபேனை நிறுத்தச் சொல்வது நியாயமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், சத்துவாச்சாரி*

நியாயமே இல்லை. அதனால் விடியற்காலையில் போங்கள். பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் ஃபேன் என்று மாற்றி மாற்றி எடுங்கள். பெரியவர் முகத்தில் வியர்வை வழிந்தால் பேச்சு பாதியில் இருந்தாலும் ஃபேனைப் போடுங்கள். பதிவு அவருக்காகத்தான், அவர் பதிவுக்காக இல்லை. ஃபிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். நிறுத்தும்போது உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். மறுபடி ஆன் செய்யாமல் வீட்டை விட்டுப் போகவே முடியாது.

லெவல் எவ்வளவு வைப்பது?
*வாசகர், குடியாத்தம்*

பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். குறைவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றலாம். 0-வைத் தொட்டுக் கிழிந்ததைத் தைக்க முடியாது. 'ஆட்டோ' வேண்டாம். பேசுபவர் மௌனமானால் அது கெயினை ஏற்றித் தெருவை உள்ளே இழுத்துவரும். கோப்பு வேவ், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். எம்பி3 பிறருக்கு அனுப்ப மட்டும்.

ஆம்பூர் டேனரியில் காலமெல்லாம் உழைத்த அப்பாவைப் பேட்டி எடுக்கப் போகிறேன். வேலை இடத்திலேயே எடுத்தால் உயிர்ப்பாக இருக்குமே?
*தொழிலாளியின் மகன், ஆம்பூர்*

இரண்டாகப் பிரித்துவிடுங்கள். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, டிரம் சுற்றும் சத்தம், உள்ளே தண்ணீர் புரளும் சத்தம், ஈரத்தோலை விரித்துப் போடும் சத்தம் என ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் தனித்தனியாக எடுங்கள். பேட்டியை வீட்டில் வையுங்கள். அந்தச் சத்தங்களை ஹெட்போனில் அப்பாவுக்குப் போட்டுக் காட்டி, "இது எந்த வேலைப்பா?" என்று கேளுங்கள். எந்தக் கேள்வித்தாளும் கொண்டுவராத பதில்கள் வரும்.

சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டையில் பதனிட்ட முறை, குரோம் வந்த பிறகு மாறிய வேலை, கையில் ஏறிய வாடை எல்லாவற்றையும் அவர் பாஷையிலேயே சொல்லட்டும். நடுவில் உருதுச் சொல் வந்தால் திருத்தாதீர்கள். இந்தப் பகுதியின் பேச்சு அப்படித்தான். அவர் பேசும்போது "ம்", "ஆமாப்பா" என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். உங்கள் "ம்" அவர் குரல்மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை எப்படிப் பதிவது?
*கூத்து ரசிகர், ஆற்காடு*

பகலிலேயே தொடங்குங்கள். கூத்து வாத்தியாரைப் பார்த்து அனுமதி கேளுங்கள், எங்கே நின்றால் ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை என்றும் அவரிடமே கேளுங்கள். குழாய் ஸ்பீக்கருக்கு எதிரே நிற்காதீர்கள். முகவீணை அதன் வழியாக வந்தால் ஊசியாகக் குத்தும். பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கவாட்டில், ஆளுயர ஸ்டாண்டில் வைத்தால் மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், குரல் எல்லாம் அளவோடு சேரும். சவுண்ட் சர்வீஸ் மிக்சரிலிருந்து ஒயர் எடுத்தால் ரெக்கார்டரை 'லைன்' நிலைக்கு மாற்றுங்கள். 'மைக்' நிலையில் விட்டால் முதல் பாட்டே கிழியும்.

லெவலை விருத்தத்துக்கு வைக்காதீர்கள். திரை விலகி வேஷம் அடவு பிடித்து ஆடும் உச்சத்துக்கு வையுங்கள். முன்பு சொன்ன 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி. இரவு பத்து முதல் காலை ஆறு வரைக்கும் 32 ஜிபி கார்டு தாராளம். முன்கூட்டியே கார்டை அந்த ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள், பவர் பேங்க் இணையுங்கள். பல கருவிகள் 2 ஜிபி ஆனதும் தாமாகவே அடுத்த கோப்பைத் தொடங்கும், பதற வேண்டாம்.

பாலாற்றங்கரையில் பதிந்தால் குரலைவிடக் காற்றுதான் அதிகம். என்ன செய்ய?
*வாசகர், மேல்விஷாரம்*

ஸ்பாஞ்சு உறை மூச்சுக்கு. காற்றுக்கு ரோம உறை. அதோடு லோ கட். பேசுபவரும் நீங்களும் காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள்.

சத்தத்தை நீக்க மென்பொருள் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?
*வாசகர், வாணியம்பாடி*

ஃபேன் போன்ற ஒரே சீரான இரைச்சலைக் கொஞ்சம் குறைக்கும். அதற்கு உதவியாக, யாரும் பேசாத அறையை 30 வினாடி பதிந்து வையுங்கள். அளவு மீறினால் 'ச', 'ஸ' எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். மூலக் கோப்பில் கை வைக்காமல் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

வீட்டுப் பாட்டும் பேச்சும் பின்னால் யாருக்குப் பயன்படும்?
*வாசகி, பேரணாம்பட்டு*

நெதர்லாந்துக்காரர் ஆர்னால்டு பாகே 1938-39-ல் தென்னிந்தியாவில் சுற்றிப் பாட்டுகளைப் பதிந்தார். 1984-ல் இசை ஆய்வாளர்கள் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி காட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்குப் போய், மக்களுக்குப் போட்டுக் காட்டி, என்ன மாறியது என்று கேட்டார்கள். எது எந்த ஊர் என்று குறித்து வைத்ததால்தான் அது நடந்தது. இலங்கைத் தமிழர்களின் ஆவணங்களுக்காக 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்துக் காக்கிறது.

ஆகவே, பட்டனை அழுத்தியதும் தேதி, ஊர், பாடுபவர் பெயர், பாட்டு யாரிடம் கற்றது என்று உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். அன்றிரவே மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

பாட்டி பாடியதை உடனே வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?
*கல்லூரி மாணவர், ராணிப்பேட்டை*

முதலில் பாட்டிக்குப் போட்டுக் காட்டுங்கள். "வீட்டோடு இருக்கட்டும்" என்றால் வீட்டோடு. "இந்த ஒரு பாட்டு மட்டும் வேண்டாம்" என்றால் அதை விட்டு மற்றதை. "போடு" என்றால் அவர் பெயரைப் போட்டுப் போடுங்கள்.