மேனேஜரைக் கேட்டுட்டு வரேன் சார்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது. அது நல்ல பெயர் இல்லை. கத்திரிக்காய் கிலோ நாற்பது என்றால் இருபதில் ஆரம்பித்து முப்பதில் முடிப்பேன். கொசுறாகக் கறிவேப்பிலை, அதன் மேல் இரண்டு பச்சை மிளகாய் கைக்கு வராமல் நகர மாட்டேன். பத்து ரூபாய்க்கே இத்தனை வீரம் காட்டுகிறவன், பத்து லட்சம் ரூபாய் விஷயத்தில் டீலரை அழவிட்டுவிடுவான் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

ஷோரூம் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு ஒருவர் "வாங்க சார்" என்று கும்பிட்டார். பாதி வீரம் அங்கேயே போயிற்று. மார்க்கெட்டில் இன்றுவரை யாரும் என்னைக் கும்பிட்டதில்லை. உள்ளே ஏசி, மெத்தென்ற சோபா. உட்கார்ந்ததும் தட்டில் காபியும் இரண்டு பிஸ்கட்டும் வந்தன. "குடிக்காதீங்க" என்று என் மனைவி காதோரம் சொன்னாள். அதற்குள் குடித்துவிட்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்த்த வம்சம் எங்களுடையது. ஒருவர் வீட்டுக் காபி தொண்டையில் இருக்கும்போது அவரிடமே விலையைக் குறை என்று எப்படிக் கேட்பது?

விற்பனைப் பிரதிநிதிக்கு என் மகன் வயது. அந்தப் பிள்ளை தொகை எதையும் வாயால் சொல்லவில்லை. கால்குலேட்டரில் தட்டி, அதை மெல்ல என் பக்கம் திருப்பி வைத்தான். அந்த மரியாதையைப் பார்த்த எனக்கும் வாய்விட்டுப் பேரம் பேசக் கூச்சமாகிவிட்டது. அதே கால்குலேட்டரில் ஐயாயிரத்தைக் கழித்து அவன் பக்கம் திருப்பினேன். நெருங்கிய உறவினர் காலமான செய்தி வந்தவன் போல அவன் முகம் மாறியது.

"மேனேஜரைக் கேட்டுட்டு வரேன் சார்."

மேனேஜரின் அறை கண்ணாடி அறை. பேசுவது தெரியும், கேட்காது. அவர் நெற்றியைத் தேய்த்தார், தலையை இடவலமாக ஆட்டினார், பேனாவை மேஜைமேல் போட்டார். என்னால் அந்தப் பிள்ளைக்கு வேலையே போய்விடுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. "மத்தியானம் பிரியாணியா மீல்ஸான்னு பேசிட்டிருப்பாங்க" என்றாள் மனைவி.

திரும்பி வந்தவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ரெண்டாயிரம் விட்டுக்கொடுத்திருக்காரு சார். உங்களுக்காக மட்டும். வெளியே சொல்லிடாதீங்க." நான் நெகிழ்ந்துவிட்டேன். ஆனாலும் மார்க்கெட் ரத்தம் கொதித்து, "ஃப்ளோர் மேட் சும்மா தரணும்" என்று மேஜையைத் தட்டினேன். நீண்ட யோசனைக்குப் பிறகு சம்மதித்தான். வெற்றிப் புன்னகையோடு மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கொட்டேஷன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் கீழிருந்து மேலாக.

அந்தத் தாளைப் படிக்க வேண்டிய முறையே அதுதான். மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் எக்ஸ் ஷோரூம் விலையில், கம்பெனி அறிவித்த சலுகை போக, டீலர் தன் கமிஷனிலிருந்து கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். ஆயுள் வரி அரசாங்கத்தினுடையது, அதில் பேச்சுக்கே இடமில்லை. மேலே விட்டதையெல்லாம் டீலர் திரும்பப் பிடிப்பது தாளின் கீழ்ப்பாதியில். நாம் மேல்பாதியில் வாள் சுழற்றிவிட்டுக் கீழ்ப்பாதியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

ஆயுள் வரியில் பேரம் இல்லாவிட்டாலும் பள்ளம் உண்டு. நாங்கள் பார்த்த மாடல் 9,70,000 ரூபாய். "இன்னும் ஐம்பதாயிரம் போட்டா சன்ரூஃப் மாடல் சார்" என்றான் பையன். திருச்சி வெயிலை வீட்டுக்குள் விடாமல் தடுக்கப் பனை ஓலைத் தட்டியிலிருந்து கூலிங் பெயிண்ட் வரை செலவழித்தவன் நான். அந்த வெயில் தலையில் இறங்க ஓட்டை போட்டுத் தருகிறேன் என்கிறான். எனக்கோ ஆசை வந்துவிட்டது. மனைவிதான் அவன் கால்குலேட்டரை வாங்கித் தட்டினாள். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். பத்து லட்சத்தைத் தாண்டினால் 18. முதல் மாடலுக்கு வரி 1,26,100, சன்ரூஃப் மாடலுக்கு 1,83,600. ஓட்டையின் விலை ஐம்பதாயிரம், ஓட்டைக்கு வரி ஐம்பத்தேழாயிரத்து ஐந்நூறு. போதாததற்குப் பத்து லட்சத்துக்கு மேல் போனால் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலிக்கும் வருமான வரி, வேறு பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை பணம் அரசிடம் இருக்கும். "வெயில் நமக்கு வெளியிலேயே கிடைக்கும்" என்று முடித்துவிட்டாள்.

அடுத்து இன்சூரன்ஸ். தாளில் 52,000. அவள் போனில் வெளியே விசாரித்து வைத்திருந்தது 36,000. அதே ஐடிவி (வண்டிக்குப் போடும் காப்பீட்டு மதிப்பு), அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத காப்பீடு). 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு, எங்கே எடுத்தாலும் ஒரே தொகைதான். வித்தியாசம் முழுக்க நம் வண்டிச் சேதத்துக்கான பகுதியில் இருக்கிறது. அங்கேதான் நோ க்ளெய்ம் போனஸும் வரும். பழைய காரில் ஐந்து வருஷமாக நாங்கள் க்ளெய்ம் எதுவும் கேட்டதில்லை. நான் வண்டியை வெளியே எடுத்தால்தானே எங்காவது இடிப்பதற்கு! அதற்குப் பரிசாக 50 சதவீதத் தள்ளுபடி. அது காரோடு போவதில்லை, சொந்தக்காரரோடு வருவது. பழைய காரை விற்றாலும் புதுக் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். என் பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு முதல்முறையாக ஒரு பண மதிப்பு கிடைத்தது.

"வெளியே எடுத்தா கேஷ்லெஸ் வராது மேடம்."

"எந்தக் கம்பெனியில வேணா எடுக்கலாம்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஐஆர்டிஏஐயே சொல்லுது தம்பி. இதோ இவங்க கேஷ்லெஸ் லிஸ்ட். அதுல உங்க ஒர்க்‌ஷாப் பேரே இருக்கு பாருங்க."

மறுபடி கண்ணாடி அறை. இந்தமுறை மேனேஜர் உண்மையாகவே நெற்றியைத் தேய்த்தார்.

பிறகு ஹேண்ட்லிங் சார்ஜ். தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்கு வண்டி வருகிற செலவு எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே அடக்கம். பின்னே யார் எதை ஹேண்டில் செய்தார்கள் என்று கேட்டதும் அந்த வரியை அடித்துவிட்டார்கள். அதற்குக் கீழே எசென்ஷியல் கிட். மட்கார்டு, டிஷ்யூ பெட்டி, வாசனைக் குப்பி, டேஷ்போர்டுப் பிள்ளையார், அப்புறம் ஃப்ளோர் மேட். ஆமாம், நான் மேஜையைத் தட்டி இலவசமாக வாங்கிய அதே ஃப்ளோர் மேட், விலையோடு. மனைவி அந்த வரியின் மேல் விரலை வைத்து, ஒன்றும் பேசாமல், என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

இத்தனை நேரமும் சோபாவில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் என் அத்தை, அதாவது மனைவியின் அம்மா. அப்பளக் கட்டில்கூடத் தயாரிப்புத் தேதி பார்க்காமல் வாங்க மாட்டார். "இது எந்த மாசம் செஞ்ச வண்டி தம்பி?" என்றார். பையன் விழித்தான். சேசிஸ் எண்ணை வைத்துப் பார்த்ததில் வண்டி ஏழு மாதமாக யார்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரித்த மாதமும் வருஷமும் எழுதியிருக்கும். பின்னாளில் விற்கப்போனால் வாங்குகிறவன் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அன்று வியாழக்கிழமை, மாதத்தின் கடைசி நாள். மணி ஒன்று இருபது. அத்தை திடீரென்று எழுந்தார். "ஒன்றரைக்கு ராகு காலம். இனிமே இங்கே ஒண்ணும் பேச வேண்டாம், கிளம்புங்க" என்று கதவை நோக்கி நடந்தார். அவருக்குப் பேரமும் தெரியாது, தந்திரமும் தெரியாது. மேனேஜருக்கு அது தெரியாதே! மாத டார்கெட்டுக்கு ஒரு வண்டி குறைந்த கவலையோ என்னவோ, கண்ணாடி அறையிலிருந்து தாமாகவே வெளியே ஓடிவந்தார். புது மாத வண்டி, வெளி இன்சூரன்ஸ், கிட் கிடையாது (ஃப்ளோர் மேட் மட்டும் சும்மா), எக்ஸ் ஷோரூமில் இருபதாயிரம் குறைப்பு. அட்வான்ஸ் மட்டும் மூன்று மணிக்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். அதில் அத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

நீங்களும் கார் எடுப்பதாக இருந்தால் மாதக் கடைசியாகப் பார்த்துப் போங்கள். கொட்டேஷனைத் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். வெளி இன்சூரன்ஸ் விலை ஒன்று கையில் இருக்கட்டும். காபி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஃப்ளோர் மேட்டுக்காக மட்டும் பேரம் பேசாதீர்கள். நான் அடம்பிடித்து வாங்கியது ஒன்று, மைத்துனர் பரிசாகக் கொடுத்தது ஒன்று என்று எங்கள் வீட்டில் இரண்டு செட் இருக்கின்றன. வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம். உங்கள் வண்டிக்கு அளவு சேருமா என்பதற்கு நான் பொறுப்பல்ல.