கைப்பேச்சுக் கைங்கரியம்

பரோபகாரம் என்பது மனிதனுக்கு இயல்பாகவே உண்டாகிற குணமா, அல்லது யாராவது ஒரு பத்திரத்தை நீட்டிக் கையொப்பம் கேட்கும்போது மட்டும் உண்டாகிற குணமா என்று பெரியோர்கள் வெகுகாலமாக வாதித்து வந்திருக்கிறார்கள். என் அக்காள் மகளைப் பொறுத்தவரையில் இந்த வாதத்தை எடின்பரோ கோமகன் 1956-ஆம் ஆண்டிலேயே முடித்து வைத்துவிட்டார். அந்த ஆண்டில் அவர் இங்கிலாந்தில் ஆரம்பித்து, பிற்பாடு இலங்கை உட்படப் பல தேசங்களுக்கும் பரவிய விருதுத் திட்டத்தின்படி, பதினான்கு வயது நிரம்பிய பிள்ளை ஒன்று வெண்கல விருது பெற வேண்டுமானால், உடற்பயிற்சி, ஏதேனும் ஒரு திறன், துணிகரமான ஒரு பிரயாணம் இவற்றோடு, குறைந்தது மூன்று மாத காலம் பிறருக்குச் சேவையும் செய்தாக வேண்டும்.

பிரயாணத்தைப் பற்றி அவளுக்குக் கவலை இருக்கவில்லை. வெலிமடைப் பாதையும் பண்டாரவளைப் பாதையும் வந்து கூடுகிற ஹாலிஎலச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கி, புத்தகப் பையையும் அரிசிப் பையையும் சுமந்துகொண்டு, தேயிலை மலைக்குள் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏறி வருவதைக் கோமகன் ஒரு முறை பார்த்திருந்தால், வெண்கலம் என்ன, தங்கத்தையே கையில் கொடுத்திருப்பார். சேவைதான் இடித்தது. கோயிலைக் கூட்டுவதற்கு ஒரு சங்கம், இரயில் நிலையத்தில் பூஞ்செடி நடுவதற்கு ஒரு சங்கம், இரண்டு சங்கங்களையும் சமாதானப்படுத்துவதற்கு மூன்றாவது சங்கம் என்று எங்கள் ஊரில் சேவை செய்யத்தக்க இடங்கள் யாவும் முன்பே ஆக்கிரமிக்கப்பட்டிருந்தன.

அந்தச் சமயத்தில் அவளுக்கு ஒரு தோழி வாய்த்தாள். இரத்மலானையில், மேரி சாப்மன் என்ற அம்மையார் 1912-இல் ஸ்தாபித்த செவிப்புலனற்றோர் பள்ளியில் தங்கிப் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த சிங்களப் பெண் அவள். இவளுக்குச் சிங்களம் அரைகுறை. அவளுக்குத் தமிழ் அறவே இல்லை. ஆனாலும் இருவரும் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, கைகளாலும் கண்களாலும் பொழுது சாயும்வரை சம்பாஷணை செய்தார்கள். எடின்பரோ கோமகன் விருதை ஆரம்பித்த அதே 1956-இல்தான் நமது பாராளுமன்றம் வாயால் பேசும் பாஷைகளில் எது பெரிது என்று சட்டம் செய்தது. அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணத்துக் கைதடியில், காதோ கண்ணோ இயங்காத பிள்ளைகளுக்குத் தமிழில் கற்பிப்பதற்கென்று நஃபீல்ட் பள்ளியும் தோன்றியது. கைகளுக்கு அரச கரும பாஷை எதுவென்று சட்டம் செய்ய ஒருவரும் நினைக்காமல் போனது எங்கள் திண்ணைக்கு நேர்ந்த பாக்கியம் என்றே சொல்லுவேன்.

விடுமுறை முடிவதற்குள் மருமகள் தன் சேவையைத் தீர்மானித்துவிட்டாள். தோட்டத்தில் இப்போது உபயோகமில்லாமல் கிடக்கும் பழைய பிள்ளைக் காம்பராவில், சனிக்கிழமைதோறும் சின்னப் பிள்ளைகளுக்குச் சைகை மொழி கற்பிப்பது. வந்து சேர்ந்த கூட்டத்தில் காது கேளாதவன் ஒரே ஒரு பையன். மற்றவர்கள் எல்லோரும் பக்கத்துத் தோட்டத்துக்கும் கேட்கும்படி பேசக்கூடிய வல்லமை படைத்தவர்கள். "காது கேட்கிற பிள்ளைகளுக்கு இது எதற்கம்மா?" என்று கேட்டேன்.

"அவனுக்கு மட்டும் தெரிஞ்சு என்ன செய்றது மாமா? மத்தவங்களுக்கும் தெரிஞ்சாத்தானே அவன் யாரோடயாவது பேசலாம்" என்றாள். ஓய்வுபெற்ற உபாத்தியாயனுக்கு இதற்குமேல் பதில் எங்கிருந்து வரும்? உதவியாளன் பதவியை ஒப்புக்கொண்டேன்.

முதலாவது இடையூறு மௌனத்தால் வந்தது. பிள்ளைகள் கூடியிருக்கும் இடத்தில் கூச்சல் இல்லாவிட்டால் அங்கே ஏதோ விபரீதம் நடக்கிறது என்பது லயத்துத் தாய்மார்களின் சித்தாந்தம். அடுப்பில் ரொட்டியைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்த ஒரு கிழவி, வாயைத் திறவாமல் கைகளை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த தன் பேத்தியைக் கண்டு கதிகலங்கி, "மாஸ்டர், புள்ளைங்களுக்கு என்னத்தக் குடுத்தீங்க? நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்துச்சுங்க!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அன்று மாலையே கோயில் பூசாரி இரண்டு பிள்ளைகளுக்கு மந்திரித்துக் கயிறு கட்டினார் என்று கேள்வி. கயிறு கட்டியதன் பலனாக அவ்விருவரும் வீட்டுக்குப் போய் வழக்கம்போல் கூச்சலிட ஆரம்பித்தபடியால், பூசாரியின் கீர்த்தியும் உயர்ந்தது, எங்கள் வகுப்பும் பிழைத்தது.

இரண்டாவது இடையூறு எழுத்துக்களால் வந்தது. ஆங்கிலத்தை இரண்டு கைகளாலும் எழுத்துக்கூட்டிக் காட்டுகிற பிரித்தானிய முறையில், ஐந்து உயிரெழுத்துக்களும் ஒரு கையின் ஐந்து விரல் நுனிகளில் பெருவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை வரிசையாக வந்து அமர்ந்துகொள்கின்றன. இந்த ஏற்பாட்டின் லட்சணத்தைக் கண்டு மயங்கிய நான், தமிழையும் அவ்வாறே விரல்களில் ஏற்றிவிடலாம் என்று ஒரு யோசனையை வெளியிட்டேன். உயிர் பன்னிரண்டு, விரல் பத்து, மிச்சமுள்ள இரண்டு உயிர்களை எங்கே வைப்பது என்று பிள்ளைகள் சிந்தித்துக்கொண்டிருக்கையில், நமது பையன் சிறிதும் தயங்காமல் தன் கால் பெருவிரல்கள் இரண்டையும் தூக்கிக் காண்பித்தான். உயிரோடு மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமும் சேர்ந்து 247 ஆகிறதே, மற்றவைகளுக்கு என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. அவன் அதற்கும் ஏதாவது அவயவத்தைக் காண்பித்திருப்பான்.

இலக்கணத்திலோ பிள்ளைகள் எங்களைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். சைகை மொழி என்பது கையாட்டம் மட்டுமல்ல. முகமும் அதற்கு இலக்கணமாகிறது. பல தேசத்துச் சைகை மொழிகளிலும் ஆமா இல்லையா என்று கேட்பதற்குப் புருவத்தை உயர்த்துகிறார்கள். யார், என்ன, ஏன் என்று கேட்பதற்குப் புருவத்தை நெரிக்கிறார்கள். சம்பளத்தில் ஏன் பிடித்தம் என்று கேட்கும்போது அம்மா புருவம் எப்படி நெரிகிறது, கடையில் இந்த மாதமும் கடன் கொடுப்பார்களா என்று கேட்கும்போது எப்படி உயர்கிறது என்பதையெல்லாம் பால்குடி மறப்பதற்கு முன்பே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்க நாங்கள் யார்?

போதாக்குறைக்கு, கொழுந்து கிள்ளுவதற்கும் அட்டை கடிப்பதற்கும் மருமகளிடம் சைகை இல்லை. பையன் தயாரித்துக் கொடுத்தான். விரல் நுனிகளால் எதையோ கிள்ளித் தோளுக்குப் பின்னால் எறிந்தால் கொழுந்து. கெண்டைக்காலைக் கிள்ளி முகத்தைச் சுளித்தால் அட்டை. இல்லாத மீசையை முறுக்கினால் கங்காணி. செவிப்புலனற்றோர் ஒருவரையொருவர் பெயரால் எழுத்துக்கூட்டி அழைத்துக்கொண்டிராமல், ஆளுக்கு ஓர் அடையாளத்தைப் பார்த்துச் சைகைப் பெயர் சூட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அவ்வழக்கத்தை அனுசரித்து அவன் எனக்கும் ஒரு பெயர் சூட்டினான். மூக்குப் பொடியை உறிஞ்சி, தும்மல் வராமல் ஏமாந்து நிற்கும் பாவனை அது. முப்பத்தைந்து வருஷம் கற்பித்தவனைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எவரும் அபிப்பிராயம் சொன்னதில்லை.

இவனுக்கு இந்த யுக்தி எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். தகப்பன் தேயிலை ஸ்டோரில், கொழுந்து உருட்டுகிற இயந்திரங்களுக்கு நடுவில் வேலை செய்கிறவர். அந்த இரைச்சலில் வாய் இருந்தும் பிரயோஜனமில்லை. கொண்டு வா, போதும், நிறுத்து, தேநீர் வந்துவிட்டது என்பதெல்லாம் கைவழியாகவே நடக்கின்றன. "துரை வருகிறார்" என்பதற்கு மாத்திரம் மூன்று வகையான சைகைகள் உண்டாம், அவர் வருகிற வேகத்தை அனுசரித்து. மகனுக்குக் காது கேளாது என்று தெரிந்த நாள் முதல் ஸ்டோர் பாஷை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

கற்றறிந்த சபையார் இத்தகைய கைகளை நம்பியதில்லை. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் செவிப்புலனற்றோரின் கல்வியைப் பற்றி ஆலோசிக்கக் கூடிய மகாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. நூற்றறுபதுக்கு மேற்பட்ட பிரதிநிதிகளுள் காது கேளாதவர் ஒரே ஒருவர். தோட்டத்துச் சம்பளத்தைக் கொழும்பில் பேசி முடிக்கிற வழக்கத்துக்குப் பழகிப்போன நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தத் தீர்மானத்துக்காக, அதே மகாநாட்டின் வாரிசுகள் 2010-இல் வான்கூவர் நகரில் கூடி வருத்தம் தெரிவித்தார்கள். நூற்று முப்பது வருஷம் யோசித்திருக்கிறார்கள். இதற்கிடையில் 1977-இல் நிகரகுவா தேசத்தின் மனாகுவா நகரில் திறந்த விசேஷப் பள்ளியில் ஒன்றுகூடிய பிள்ளைகளோ, உபாத்தியாயர்கள் உதட்டைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், விளையாட்டு மைதானத்தில் தாங்களாகவே புதிய பாஷை ஒன்றைப் படைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

செப்டம்பர் 23 வந்தது. உலகச் செவிப்புலனற்றோர் சம்மேளனம் 1951-இல் ரோமாபுரியில் உதயமான அந்தத் தினத்தை, 2018 முதல் சைகை மொழிகளின் சர்வதேச தினமாக ஐக்கிய நாடுகள் சபை அனுஷ்டித்து வருகிறது என்று மருமகள் சொன்னதும், தோட்டத்து இளைஞர்கள் உற்சாகம் மேலிட்டு முதற்காரியமாக ஒலிபெருக்கிக்கு முற்பணம் கொடுத்துவிட்டார்கள். பிரதம விருந்தினராக வந்த தலைவர் ஒருவர், மௌனத்தின் மகிமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். பக்கத்தில் நின்று சைகையில் மொழிபெயர்த்த மருமகள், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கையை அசைத்துவிட்டு ஓய்ந்திருந்தாள். ஏன் இப்படி என்று பிறகு கேட்டபோது, "அவர் புதுசா ஏதாச்சும் சொன்னாத்தானே மாமா" என்றாள்.

பிரசங்கம் முடிந்ததும் பிள்ளைகள் தங்கள் முறைப்படி இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி விரல்களைச் சிலுப்பிக் கரகோஷம் செய்தார்கள். இன்னும் பேச வேண்டும் என்று கெஞ்சுகிறார்கள் என்று கருதிய தலைவர் மீண்டும் ஒலிவாங்கியைப் பற்றினார். நல்லவேளையாக மின்சாரம் நின்றுவிட்டது. நமது பையன் ஒருவன்தான் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்குப் பிரசங்கம் நடந்துகொண்டே இருந்தது.

மருமகளுக்கு விருது கிடைத்தது. மூன்று மாதத் தவணை முடிந்துவிட்டபடியால் அவள் நின்றுகொள்ளலாம், நிற்கவில்லை. ஆனால் இப்போது முன்னால் நின்று கற்பிக்கிறவன் பையன்தான். அவளுக்கு மூன்றாம் வரிசையில் இடம் கொடுத்திருக்கிறான், எனக்கு அதற்கும் பின்னால். அவனைக் கைதடிப் பள்ளிக்கு அனுப்பலாம் என்றால், வெகுதூரம் என்று அவன் தாய் தயங்குகிறாள். அந்தப் பேச்சும் அவர்கள் வீட்டில் கைகளாலேயே நடந்துகொண்டிருக்கிறது. சனிக்கிழமையில் ஹாலிஎலப் பக்கம் வருகிற வாசகர்கள் எங்கள் வகுப்புக்கு அவசியம் வர வேண்டும். வாசலில் நின்று குரல் கொடுக்க வேண்டாம், கையை அசைத்தால் போதும். பிரசங்கம் கொண்டு வருகிறவர்கள் மட்டும் வேறு ஊரைப் பார்த்துக்கொள்ளலாம்.