உச்சியில் யார் முதலில்?

முதல் உலகப் போரின் நடுவே, 1915 மே மாதம் ஜெர்மன் ராணுவத்தில் ஒரு புதுப் படை பிறந்தது. பெயர் 'ஆல்பென்கோர்'. ஆல்ப்ஸ் மலைக்கென்றே ஒரு கோர்! சாதாரணமாக 'கோர்' என்றால் இரண்டு மூன்று டிவிஷன்களாவது இருக்க வேண்டும். இங்கே ஆட்களை எண்ணிப் பார்த்தால் ஒரே ஒரு டிவிஷன்தான் தேறியது. விசிட்டிங் கார்டில் 'குரூப் சேர்மன்' என்று போட்டுக்கொண்டு, ஒற்றை ஷட்டர் கடையில் உட்கார்ந்திருக்கும் ஆசாமியைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை!

சரி, மலையாவது தெரியுமா? படையின் பெருமைக்குரிய லைப் ரெஜிமெண்ட் மியூனிக்கில் பவேரிய அரச குடும்பத்துக்குக் காவல் நின்ற படை. அரண்மனைப் படிக்கட்டு ஏறிய அனுபவம் நிச்சயம் உண்டு!

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நிலைமை அவசரம். 1882 முதல் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் கூட்டாளியாக இருந்த இத்தாலி, திடீரென்று கட்சி மாறி, மே 23 அன்று ஆஸ்திரியா மேல் போர் அறிவித்துவிட்டது. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதி காலி. இளவட்டங்கள் எல்லாம் ரஷ்யர்களோடு மல்லுக்கட்டப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஊர் துப்பாக்கி கிளப் மெம்பர்கள்: தாத்தாக்களும் பேரன்களும். தங்களுக்கு யார் ஆபீஸர் என்பதை இவர்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெர்மன் ஜெனரல்களுக்கு இதைக் கேட்டதும் மூச்சு நின்றிருக்கும்!

ஓடி வந்தது ஆல்பென்கோர். தலைமை, ஜெனரல் கிராஃப்ட் ஃபான் டெல்மென்சிங்கன் (பேரைச் சொல்லி முடிப்பதற்குள் இத்தாலிக்காரன் பாதி மலை ஏறிவிடுவான்). வந்த இடத்தில்தான் வேடிக்கை. இத்தாலி போர் அறிவித்தது ஆஸ்திரியா மேல் மட்டும். ஜெர்மனி மேல் இல்லை. ஜெர்மனியும் இத்தாலி மேல் அறிவிக்கவில்லை. ஆகவே ஆல்பென்கோருக்கு ஸ்ட்ரிக்ட் ஆர்டர்: எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது! எதிரி எதிரே நிற்கிறான். ஆனால் சட்டப்படி அவன் எதிரி இல்லை!

கடைசியில் 1916 ஆகஸ்டில்தான் இத்தாலி ஜெர்மனி மேல் போர் அறிவித்தது. ஆஹா, இனி கோட்டைத் தாண்டலாம்! ஆனால் தாண்ட ஆள் வேண்டாமா? ஆல்பென்கோர் பத்து மாதம் முன்பே மூட்டை கட்டி செர்பியா போய்விட்டிருந்தது.

போகும்போது கையில் ஒரு சம்பாத்தியம் இருந்தது. ஆஸ்திரியர்கள் நன்றி சொல்லித் தங்கள் எடல்வைஸ் பூ பேட்ஜை இவர்களுக்கும் கொடுத்திருந்தார்கள். மலைப்படை என்பதற்கு இப்போது அத்தாட்சியே கிடைத்துவிட்டது!

செர்பியா, வெர்டூன், ருமேனியா எல்லாவற்றையும் தாண்டி 1917 அக்டோபருக்கு வருவோம். இன்றைய ஸ்லோவேனியாவில் இருக்கும் கபரேட்டோ. ஒருவழியாக இத்தாலியோடு நிஜமான சண்டை. இன்ன உச்சியைப் பிடிப்பவருக்கு 'பூர் லெ மெரிட்' மெடல் என்று மேலிடம் ஆசை காட்டியிருந்தது. ஜெர்மனியின் மகா உயர்ந்த மெடல் அது. அவ்வளவுதான், இத்தாலியர்களை மறந்துவிட்டு ஆபீஸர்கள் ஒருவரையொருவர் முறைக்க ஆரம்பித்தார்கள்.

லைப் ரெஜிமெண்டின் ஃபெர்டினாண்ட் ஷோர்னர் 1114 என்ற எண் கொண்ட குன்றை முதல் நாளே பிடித்து மெடலைத் தட்டிக்கொண்டார். ஆல்பென்கோரோடு சேர்த்துவிடப்பட்டிருந்த வூர்ட்டம்பெர்க் மலை பட்டாலியனில் 25 வயது லெப்டினென்ட் ஒருவருக்கு வயிறு எரிந்தது. அவர் பெயர் எர்வின் ரோம்மல். ஆமாம், பிற்பாடு 'பாலைவன நரி'. அப்போது மலை ஆடு!

மிச்சம் இருந்த பெரிய பரிசு மட்டாயூர் சிகரம், 1,642 மீட்டர். ரோம்மல் தூக்கம் மறந்து ஏறினார். வழியில் இத்தாலியர்கள் கூட்டம் கூட்டமாகச் சரணடைந்தார்கள். அவர் எழுதி வைத்த கணக்குப்படி, 52 மணி நேரத்தில் 9,000 கைதிகள். சிலர் அவரைத் தோளில் தூக்கி வைத்து ஜெர்மனிக்கு ஜே போட்டார்களாம். போரில் தோற்பதற்கு இவ்வளவு சந்தோஷமா! கைதிகள் கூட்டத்தைப் பார்த்த ரோம்மலின் மேலதிகாரியான மேஜர், வேலை முடிந்தது என்று நினைத்து 'திரும்பி வா' என்று ஆர்டர் போட்டார். மெடல் கண்ணில் தெரியும்போது காது கேட்குமா? அக்டோபர் 26, காலை 11.40. உச்சியில் நின்று மூன்று பச்சை, ஒரு வெள்ளை வாணம் விட்டார். அந்தக் காலத்து ஸ்டேட்டஸ் அப்டேட்!

மெடல் கிடைத்தது... ஷ்னீபருக்கு. யார் அவர்? வேறொரு டிவிஷன் லெப்டினென்ட். பக்கத்தில் இன்னொரு உச்சியைப் பிடித்துவிட்டு, 'மட்டாயூர் விழுந்தது' என்று அவர் தகவல் அனுப்ப, மேலிடமும் நம்பிவிட்டது. மேப்பைப் பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம்?

ரோம்மல் விடுவாரா? புகார் கிளம்பியது. டிசம்பரில் அவருக்கும் அதே மெடல் அறிவிக்கப்பட்டது. இரண்டு சின்ன பார்சல்கள் தபாலில் வந்தன. ஒன்று ரோம்மலுக்கு. இன்னொன்று, திரும்பி வரச் சொன்ன அதே மேஜருக்கு! ஷ்னீபரிடமிருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. ஆக ஒரே சிகரத்துக்கு மூன்று மெடல்.

ஆல்பென்கோர் பிடித்த கடைசிப் பெயர்பெற்ற 'மலை'யையும் சொல்லிவிடுகிறேன். 1918 ஏப்ரல் 25, பெல்ஜியம், கெம்மல். உயரம் 156 மீட்டர்! அன்று விஷவாயுவிலும் குண்டிலும் செத்த பிரெஞ்சு வீரர்களை நினைத்தால் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் மலை என்னவோ அவ்வளவுதான். அந்த வருஷம் போர் முடிந்தது, படையும் கலைந்தது.

இப்போது அதே கெம்மல் மேட்டில், கல் பாவிய செங்குத்துப் பாதையில், ஒரு பிரபல சைக்கிள் ரேஸ் வருஷா வருஷம் மூச்சு வாங்க ஏறுகிறது. உச்சியை யார் முதலில் தொட்டார் என்று தகராறே வருவதில்லை. டிவி கேமரா கூடவே போகிறது.