செயலாளரம்மா, ஒரு சொல்லு கேட்டுக்கோ

ஏட்டி, காலேசு தமிழ் மன்றத்துக்கு நீதான் செயலாளராமே? ஒங்க அம்மை ரேசன் கடை வரிசை முழுக்கச் சொல்லி முடிச்சிட்டா. எனக்குத்தான் கடைசியா சேதி வந்துருக்கு. சரி, உக்காரு. அந்தப் போனை அங்கிட்டு வையி. நம்ம அம்மன் கோயில் கொடைக்கு வரி பிரிச்சுக் கணக்கு எழுதுனவன் சொல்லுதேன். கோயிலும் மன்றமும் ஒண்ணுதான், அங்க சாமி ஆடுதாக, இங்க மைக்கைப் புடிச்சு ஆடுதாக.

மொதல்ல இதச் சொல்லு. ஒன்னய யாரு தேர்ந்தெடுத்தா? "சார் சொன்னாரு தாத்தா"ங்கியா? ரொம்ப நல்லது. ஓட்டுப் பெட்டிச் செலவு மிச்சம். சார் கை காட்டுன எடத்துல நிக்கிறதுக்கும் நாலு பேரு கையெழுத்துப் போட்டு நிறுத்துறதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? நாளைக்கு அவரு கைய மடக்கினா நீ எறங்கிரணும், அம்புட்டுத்தான்.

பேப்பர் படிக்கிற கிழவன் நான், ஒரு விசயம் சொல்லுதேன். மாணவர் தேர்தல் எப்பிடி நடக்கணும்னு பாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட, மத்திய அரசு ஒரு குழு அமைச்சுது. தலைமைத் தேர்தல் ஆணையரா இருந்த லிங்டோதான் அதுக்குத் தலைவர். 2006-ல அறிக்கை வந்துச்சு, அந்த வருசம் செப்டம்பர் 22-ந் தேதி கோர்ட்டும் "இதும்படி நடத்துங்க"ன்னு சொல்லிட்டு. வேட்பாளர் 5,000 ரூவாய்க்கு மேல செலவழிக்கக் கூடாது. அச்சடிச்ச போஸ்டர் ஆகாது, கையால எழுதித்தான் ஒட்டணும். நூத்துக்கு 75 நாளாவது வகுப்புல இருந்துருக்கணும். அந்த வருசம் அரியர் வச்சவன் நிக்கக் கூடாது. தலைவர், செயலாளர் மாதிரிப் பதவிக்கு ஒருத்தர் ஒரே ஒரு தடவதான் நிக்கலாம். எம்.எல்.ஏ. எலெக்சனுக்கு இந்த விதியெல்லாம் வச்சா நம்ம தொகுதியில வேட்பாளருக்கு எங்க போறது?

அதுலயே இன்னொண்ணும் எழுதிருக்கு. தேர்தல் வைக்க முடியாத எடத்துல தற்காலிகமா நியமனம் பண்ணிக்கலாம், ஆனா அஞ்சு வருசத்துக்குள்ள தேர்தலுக்கு மாறிரணும். 2006-ஓட அஞ்சைக் கூட்டு. விரல் போதும், கால்குலேட்டர் வேண்டாம். அந்தத் தற்காலிகம் இன்னும் பல காலேசுல நிரந்தரமா உக்காந்துருக்கு. இதெல்லாம் மாணவர் பேரவைக்குச் சொன்ன விதி, தமிழ் மன்றத்துக்கு எவனும் கேக்க மாட்டான். அதனாலதான் ஒன் வேலை லேசு.

பேரும் புகழுமா ஒரு வருசத்தை ஓட்டணும்னா வழி சொல்லுதேன். சூலையில தொடக்க விழா வையி. ஃப்ளெக்ஸ்ல முதல்வர் படம் பெரிசா, பொறுப்பாசிரியர் படம் நடுத்தரமா, ஒன் படம் அவுகளுக்குக் கீழ சிரிச்சாப்புல. சிறப்பு விருந்தினர் பேச இருவது நிமிசம் கொடு, அவருக்கு வரவேற்புரை சொல்ல நாப்பது நிமிசம் எடுத்துக்கோ. பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை. கூட்டம் சேரலையா? ரெண்டு வகுப்பை ஓ.டி. போட்டு உள்ள கொண்டாந்து, வாசல்ல ஆளை நிறுத்திரு. பெறவு மார்ச்சு மாசம் நிறைவு விழா. நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேக்குறவன் எவன் இருக்கான்?

போட்டோ மட்டும் மறந்துராத. காலேசுக்குத் தரம் போடுற நாக் குழுக்காரங்க இருக்காகல்லா? அவுகளுக்கு எடமும் நேரமும் பதிஞ்ச படம் வேணுமாம், ஜியோ டேக்குன்னு சொல்லுதான் நம்ம சுப்பையா மவன். புள்ளைகளுக்குத் தமிழ் ஏறுச்சான்னு படத்துல தெரியாது. எந்த அட்சரேகையில ஏறலன்னு மட்டும் துல்லியமாத் தெரியும்.

சிரிக்காத. நாட்டு நலப்பணித் திட்டத்தையும் பாத்தவன்தானே நான். காந்தி நூற்றாண்டுல, 1969 செப்டம்பர் 24-ல ஆரம்பிச்சது. ரெண்டு வருசத்துல 240 மணி நேரம் சேவை, அதோட ஏழு நாள் முகாம். நம்மூருக்கும் வந்தாகள்லா? நல்ல புள்ளைக, குத்தம் சொல்லல. ஆனா வருசா வருசம் அதே கோயில் முன்னால உள்ள புல்லைத்தான் வெட்டுதாக. ஆளு புதுசு, அலுவலர் புதுசு, போன வருசம் என்ன செஞ்சாகன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஊரணிக்கரைச் சீமைக்கருவேலம் இன்னைக்கும் சௌக்கியமா நிக்கி. "நான் அல்ல, நீ"ங்கிறதுதான் அவுக கொள்கையாம். அதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்ட ஒரு பயல் மண்வெட்டிய என் கையில நீட்டிட்டான்.

நான் சொல்ல வந்தது இதுதான் தாயி. மன்றம் கெட்டுப்போறது கெட்ட தலைவரால இல்ல. தலைவர் படிச்சு முடிச்சதும் பஸ் ஏறிருவாரு. அவரு ஏறுன பெறவு நோட்டு எங்க, ரசீது புத்தகம் எங்க, போன வருசம் மைக் செட்டுக்காரனுக்குக் கொடுத்த முன்பணம் என்னாச்சு? எல்லாம் பழைய வாட்ஸப் குரூப்புல கெடக்கு. அதுக்கு அட்மினோ பெங்களூருல வேலையில இருக்கான். அடுத்து வர்றவ மொதல்ல இருந்து ஆரம்பிக்கா. மூணு வருசப் படிப்புல மன்றத்துக்கு ஞாபகம்னு ஒண்ணு இருந்தா அது மினிட்ஸ் புக்குலதான் இருக்கணும். யாரு வந்தா, என்ன பேசுனாக, எத்தன பேரு வேண்டாம்னாக, எவ்வளவு ரூவா. வேண்டாம்னவன் பேரைக் கண்டிப்பா எழுது. அவன்தான் அடுத்த வருசம் "நான் அப்பவே சொன்னேன்"னு வருவான், சாட்சி வேணும்லா.

பணம் ஒன் ஜி-பே நம்பருக்கு வரட்டும்னு பொருளாளர் சொல்லுவான். சேர்ந்து வந்த காசுல எது ஒனக்கு அப்பா அனுப்புனது, எது மன்றத்துக்கு வந்ததுன்னு மூணாம் மாசம் ஒனக்கே தெரியாது. காலேசு கணக்குலயே போடச் சொல்லு. எடுக்கும்போது பொறுப்பாசிரியரும் நீயுமா ரெண்டு கையெழுத்து. அவரு "நீயே பாத்துக்கோம்மா"ன்னு சொன்னா ரொம்ப உசாரா இரு. நம்பிக்கையில சொல்லுதாரா, வேலை பாக்கச் சோம்பிச் சொல்லுதாரான்னு ஒனக்குத் தெரியாது. லிங்டோ விதியில வேட்பாளர் ரெண்டு வாரத்துக்குள்ள கணக்குக் கொடுக்கணும்னு இருக்கு. நீ விழா முடிஞ்ச ரெண்டாம் வாரம் கணக்கை எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டிப்பாரு. சமோசா விலையப் பாத்து நாலு பேரு சண்டைக்கு வருவான். வரட்டும். மன்றத்துல உசிரு இருக்குன்னு அர்த்தம்.

இன்னும் ஒண்ணு. காலேசு பேரைப் போட்டு நோட்டீசு அடிக்க முன்னால எழுத்துல அனுமதி வாங்கிரு. சென்னை ஐ.ஐ.டி.யில 2015-ல அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தோட அங்கீகாரத்தை ரத்து பண்ணுனாகல்லா? டெல்லிக்குப் போன ஒரு மொட்டைக் கடுதாசியில ஆரம்பிச்சுது. விதிய மீறிட்டாகன்னு நிர்வாகம் சொல்லிச்சு, எங்க பக்கம் கேக்கவே இல்லன்னு புள்ளைக சொல்லிச்சு. நாடு முழுக்கச் சத்தம். சூன் மாசமே அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாக. நான் யாரு கட்சியும் இல்ல. பேசுறதுக்குச் சேந்த கூட்டத்தை ஒரு வார்த்தை கேக்காம பூட்டுனது தப்பு, அம்புட்டுத்தான். ஆனா விதி எந்தத் தாள்ல எழுதிருக்குன்னு மொதல்லயே தெரிஞ்சு வச்சிருக்கவ கிட்ட வாயாடுறது சுலுவு இல்ல. ஒங்க மன்றத்துக்கு விதின்னு ஒரு தாளாவது இருக்கா? பாத்தியா முழிக்கிய!

நாளைக்குப் போறப்ப ஒரு நீள நோட்டு வாங்கிக்கோ. மொத பக்கத்துல மன்ற விதி, அடுத்த பக்கத்துல வரவு செலவு. இந்தா நூறு ரூவா. மன்றக் கணக்குல எழுதிராத, இது தாத்தா காசு. பில்லும் மீதிச் சில்லறையும் சாயங்காலம் எனக்கு வந்துரணும்.