வீட்டோடு வனவாசம் போவது எப்படி?

ஆஸ்திரேலியாவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் ஒரு சாரார் வீட்டில் இருக்கிறார்கள். இன்னொரு சாரார் வீட்டையே காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு, ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறோம்’ என்று அறிவித்துப் பாலைநிலத்துக்குக் கிளம்புகிறார்கள். காரவன் என்ற அந்த வண்டியில் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை, டிவி எல்லாம் உண்டு. நிஜமாக விட்டுவிட்டுப் போவது பேரக்குழந்தைகளைத்தான்.

உங்களுக்கும் அப்படியொரு துறவு எண்ணம் தோன்றியிருந்தால், ஐர் நெடுஞ்சாலையைச் சிபாரிசு செய்கிறேன். தெற்கு ஆஸ்திரேலியாவின் சிடூனாவில் கிளம்பி, நல்லார்போர் சமவெளியைத் தாண்டி, மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை சுமார் 1,200 கி.மீ. வழி தவறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். தவறிப் போக வேறு ரோடு இருந்தால்தானே!

முதலில் சாமான் ஏற்றுவது. கனமானவை சக்கர அச்சுக்கு மேலே, தரையை ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும். காரவன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. பின்பாரம் கூடினால் காரவன் வாலாட்டத் தொடங்கும்; அதற்குப் பிறகு வண்டி ஓட்டுவது நீங்கள் இல்லை, அது. ஆகவே எதை விட்டுச் செல்வது என்று தம்பதியர் உட்கார்ந்து பேச வேண்டும். ஐயாவின் மூன்று சுத்தியலில் இரண்டையும், அம்மாவின் ஐந்து ஜோடி செருப்பில் மூன்றையும் விட்டுவிடலாம் என்று முடிவாகும். மறுநாள் காலை எட்டும் வண்டியில் இருக்கும். தண்ணீரில் மட்டும் சிக்கனம் கூடாது. வழியில் இருக்கும் ரோட்ஹவுஸ்களில் பெட்ரோல் கிடைக்கும், விலையைப் பார்த்தால் தலை சுற்றும். தண்ணீர் அங்கே பெட்ரோலைவிட அருமை. உங்கள் தண்ணீர்த் தொட்டியை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள்.

அடுத்தது ரிவர்ஸ் எடுப்பது. பாலைவனத்தில் பாம்பு கடித்துப் பிரிந்தவர்களைவிட, காரவன் பார்க்கில் ரிவர்ஸ் எடுத்துப் பிரிந்தவர்களே அதிகம் என்பது என் சொந்தக் கணிப்பு. காரவன் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டீரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். இது ஓட்டுபவருக்குத் தெரியும். வழிகாட்டுபவர் கண்ணாடியில் தெரியாத இடமாகப் பார்த்து நின்றுகொள்ள வேண்டும், இது மரபு. “லெஃப்ட்ல ஒடிங்க!” என்பார். ஒடித்ததும், “ஐயோ, உங்க லெஃப்ட் இல்ல, வண்டியோட லெஃப்ட்!” என்பார். “வா… வா… வா…” என்று தாலாட்டுப் போல் சொல்லிக்கொண்டே வந்து, மின்கம்பத்தில் இடித்த பிறகு, “நில்!” என்பார். இதற்குள் அக்கம்பக்கத்துக்காரர்கள் மடக்கு நாற்காலிகளை நல்ல கோணத்துக்கு நகர்த்திப் போட்டிருப்பார்கள். கத்தாமல் பேசலாமே என்று ரேடியோ வாங்குபவர்கள் உண்டு. அது பொது அலைவரிசை. லாரிக்காரர்களின் 40ஆம் சேனலில் நீங்கள் மனைவியைத் திட்டினால், நூறடிக்கு மேல் நீளும் ‘ரோடு ட்ரெயின்’ லாரியை ஓட்டிக்கொண்டு வருபவர் அம்மா பக்கம் பேசுவார். அவர் உங்களை ஓவர்டேக் செய்யும்போது காரவனைக் காற்று இழுக்கும். ஸ்டீரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நன்றி சொல்லுங்கள்.

சிடூனாவிலிருந்து ஏறக்குறைய 480 கி.மீ. போனால் மாநில எல்லை. மேற்கு ஆஸ்திரேலியா பழ ஈக்கும் பயிர் நோய்க்கும் பயந்த ஊர். பழம், காய்கறி, தேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள். அதிகாரி காரவனுக்குள் ஏறி உங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார். அவருக்கு முன்னால் நிற்கும் வரிசைதான் பார்க்க வேண்டிய காட்சி. டாக்டர் சொல்லியும் பழம் தொடாத மனிதர்கள் நாலாவது ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் தேன் பாட்டிலைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருப்பார், முகத்தில் பழிவாங்கும் வெறியோடு. முந்தின இரவே காய்களைச் சமைத்துவிடுவது உத்தமம்.

எல்லை தாண்டியதும் கடிகாரத்தை 45 நிமிடம் பின்னுக்குத் தள்ளுங்கள். கைகுனா என்ற இடத்தில் இன்னொரு 45 நிமிடம். நடுவில் உள்ள சில ரோட்ஹவுஸ்களுக்கென்று தனி நேரம். எந்தச் சட்டத்திலும் இல்லை, அவர்களே வைத்துக்கொண்டது. கோடையில் கணக்கு இன்னும் குழம்பும். கடிகாரத்தை விட்டுவிட்டு வெயிலைப் பாருங்கள், சாய்ந்தால் ஓரங்கட்டிவிடுங்கள். கங்காரு ரோட்டுக்கு வரும் நேரம் அது. ஒட்டகமும் வாம்பட்டும் வரும் என்று மஞ்சள் பலகை வைத்திருக்கிறார்கள்.

கைகுனாவுக்கு அப்பால் 146.6 கி.மீ. ஒரு வளைவு கிடையாது. இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதிரே வருபவருக்கு ஸ்டீரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்க வேண்டும். முழுக் கையையும் ஆட்டினால் ஊருக்குப் புதிது என்று தெரிந்துவிடும். போரடித்தால் கோல்ஃப் ஆடலாம். சிடூனா முதல் கால்கூர்லி வரை 1,365 கி.மீ. நீளத்துக்கு 18 குழிகள் வெட்டி வைத்திருக்கிறார்கள். ரோட்டில் விமான ஓடுதளம் போலக் கோடு தெரிந்தால் கனவில்லை. விமானத்தில் வரும் ‘பறக்கும் டாக்டர்கள்’ அவசரத்துக்கு இறங்கும் இடம். விமானம் வந்தால் விட்டுக்கொடுங்கள், வாதம் செய்யாதீர்கள்.

குப்பை போடாதீர்கள். 1979இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் உடைந்து இந்தப் பக்கம் சிதறியபோது, எஸ்பரன்ஸ் என்ற ஊரின் உள்ளாட்சி நாசாவுக்கே 400 டாலர் அபராதம் போட்டது. முப்பது வருஷம் கழித்து, ஓர் அமெரிக்க வானொலிக்காரர் நேயர்களிடம் வசூல் செய்து கட்டினார். உங்களுக்காக வசூல் செய்ய யாரும் இல்லை. கழிவறைப் பெட்டியையும் அதற்கென்று உள்ள இடத்தில்தான் கொட்ட வேண்டும். அது யார் வேலை என்பதை நார்ஸ்மனில் அல்ல, கல்யாணத்துக்கு முன்பே பேசியிருக்க வேண்டும்.

கடைசியாக, தனிமை. கண்ணுக்கெட்டிய தூரம் புதர் தவிர ஒன்றுமில்லாத வெளியில் நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் ஒரு காரவன் வரும். அவ்வளவு இடத்தையும் விட்டுவிட்டு, உங்கள் ஜன்னலுக்கு நேரே வந்து நின்று, ஜெனரேட்டரை இறக்கும். கோபப்படாதீர்கள். சோலார் பேனல் எத்தனை வாட் என்று கேளுங்கள். பிறகு முழங்கால் ஆபரேஷன் எந்தக் காலில் என்று கேளுங்கள். இரவுச் சாப்பாடு அவர்கள் வீட்டில்.