சராசரி முட்டையை யாரும் சாப்பிட்டதில்லை

கேள்வி – பதில்: இந்த வாரம் புள்ளியியல்

கேள்வி: கணக்குக்குப் பயந்துதான் சமூகவியல் எடுத்தேன். இங்கேயும் முதல் செமஸ்டரிலேயே புள்ளியியல் பேப்பர். தப்பிக்க வழி உண்டா? – முதுகலை மாணவி, ராசிபுரம்

தப்பிக்க வேண்டியதில்லை, கண்ணு. கூட்டல், வகுத்தல், வர்க்கமூலம் எல்லாம் போனே போட்டுக் கொடுத்துவிடும். மீதி, வம்பு விசாரிக்கிற வேலைதான். யாரைக் கேட்டாய்? எத்தனை பேரில் இத்தனை பேர்? எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறாய்? இந்த மூன்றையும் கூச்சப்படாமல் கேட்கத் தெரிந்தால் பாதி பேப்பர் பாஸ்.

கேள்வி: எங்கள் தெருவின் சராசரி மாத வருமானம் ஒரு லட்சம் என்று சர்வேக்காரர் எழுதிப் போனார். என் வீட்டுக்கு வரவேண்டிய மீதிப் பணம் எங்கே? – விசைத்தறித் தொழிலாளி, பள்ளிபாளையம்

பக்கத்து வீட்டில். தெருவில் பத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வீட்டில் தறி ஓட்டி மாதம் 15,000. பத்தாவது வீட்டுக்காரரின் ரிக் வண்டிகள் வடநாட்டில் போர் போட்டுக்கொண்டிருக்கின்றன, அவருக்கு 8,65,000. மொத்தம் பத்து லட்சம், பத்தால் வகுத்தால் ஒரு லட்சம். கணக்கில் பிசகு இல்லை. ஆனால் லட்சம் ரூபாய் சம்பாதிக்கிறவர் அந்தத் தெருவில் ஒருவர்கூடக் கிடையாது. வருமானத்தை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதைப் பாருங்கள்: 15,000. அதுதான் இடைநிலை. அதிக வீடுகளில் காணப்படும் தொகை முகடு, அதுவும் 15,000. வருமானம், நிலம், சொத்து என்று சிலரிடமே குவிகிற எதற்கும் இடைநிலையைக் கேட்டு வாங்குங்கள். சராசரியை மட்டும் சொல்கிறவர் பத்தாவது வீட்டிலிருந்து பேசுகிறார்.

கேள்வி: மகன் திட்டவிலக்கம், திட்டவிலக்கம் என்று உருப்போடுகிறான். அதனால் என்ன பிரயோஜனம்? – கோழிப்பண்ணைக்காரர், மோகனூர்

உங்கள் தொழிலே அதில்தான் இருக்கிறது. ஒரு ஷெட்டில் ஐந்து முட்டை எடுத்து நிறுங்கள்: 53, 54, 55, 56, 57 கிராம். இன்னொரு ஷெட்டில்: 45, 50, 55, 60, 65. இரண்டுக்கும் சராசரி 55 கிராம்தான். ஒவ்வொரு முட்டையும் 55இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அதை வர்க்கமாக்கி, கூட்டி, ஐந்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் முதல் ஷெட்டுக்கு 1.41, இரண்டாவதற்கு 7.07. ஒன்றில் தீவனமும் கோழியின் வயதும் சீராக இருக்கின்றன. மற்றதில் ஏதோ கோளாறு என்று மகன் ஷெட்டுக்குள் போகாமலே சொல்லிவிடுவான். சத்துணவுத் தட்டில் பிள்ளைக்குச் சராசரி முட்டை விழுவதில்லை. 45 கிராமோ 65 கிராமோ, கைக்கு வந்ததுதான் விழும்.

கேள்வி: எஸ்பிஎஸ்எஸ் தெரிந்தால் போதாதா? – ஆய்வு மாணவர், சேலம்

அந்த மென்பொருளுக்கு வெட்கம் கிடையாது, தம்பி. பிசி 1, எம்பிசி 2, எஸ்சி 3, எஸ்டி 4 என்று எண் கொடுத்து ‘மீன்’ கேட்டால், 2.3 என்று கூசாமல் சொல்லும். சராசரி சாதி எது என்று வைவாவில் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பெயருக்குப் பதிலாகப் போட்ட எண்ணை எண்ணிப் பார்க்கலாம். கூட்டி வகுக்கக் கூடாது.

கேள்வி: ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எதற்கு 400 பேரிடம் கேட்கச் சொல்கிறார்கள்? – இளங்கலை மாணவர், ஆத்தூர்

பானையில் எல்லா அரிசிக்கும் ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. கொல்லிமலைக்காரருக்கும் இளம்பிள்ளைச் சேலை வியாபாரிக்கும் அப்படியா? எல்லோருக்கும் தேர்வாகும் வாய்ப்பு இருக்கும்படி குலுக்கி எடுக்க வேண்டும். 1936 அமெரிக்கத் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகையின் கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலைப் பெரிதும் நம்பிச் சீட்டு அனுப்பி, லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். அதைவிடச் சிறிய சாம்பிளை வைத்துக்கொண்டே கருத்துக்கணிப்பாளர் காலப் சரியாகச் சொன்னார். ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் அனுப்பி ‘தமிழக இளைஞர்களின் மனப்பான்மை’ என்று தலைப்பு வைக்கிறவர்கள் கவனிக்க.

கேள்வி: சேலத்தின் ஜனத்தொகை நாமக்கல்லைப்போல இரண்டு மடங்கு. சாம்பிளும் இரண்டு மடங்கு வேண்டுமா? – அதே மாணவர்

வேண்டாம். 2011இல் சேலம் 34.8 லட்சம், நாமக்கல் 17.3 லட்சம். இரண்டுக்கும் தலா 400 பேரைக் குலுக்கி எடுத்தால் பிழை ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளிதான். அதைப் பாதியாக்க 800 பேர் போதாது. 1,600 பேர் வேண்டும். பஸ் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முட்டை விலை இறங்கும்போதெல்லாம் ஜவ்வரிசிக்குக் கிராக்கி ஏறுகிறது. முட்டை தின்பதை விட்டவர்கள் ஜவ்வரிசிக்கு மாறுகிறார்களா? – சேகோ ஆலை கணக்கர், சேலம்

நல்ல கண்ணு உங்களுக்கு, ஆனால் முடிவு தப்பு. புரட்டாசியில் நம்மவர்கள் கவுச்சி தொடுவதில்லை, முட்டை தேங்குகிறது. அதையொட்டியே நவராத்திரி வருகிறது. மகாராஷ்டிரத்தில் விரதம் இருப்பவர்கள் ஜவ்வரிசிக் கிச்சடி கிண்டுகிறார்கள். முட்டையை விட்டவர் வேறு, ஜவ்வரிசி தின்பவர் வேறு; நடுவில் இருப்பது பஞ்சாங்கம். ஒட்டுறவு உண்டு, காரண உறவு இல்லை.

கேள்வி: 2001இல் சேலத்துக் குழந்தைப் பாலின விகிதம் 851. தொட்டில் குழந்தைத் திட்டத்தால் 2011இல் 916 ஆனது என்று எழுதலாமா? – சமூகப்பணி மாணவி, ஓமலூர்

‘உயர்ந்தது’ என்று எழுதுங்கள். ‘திட்டத்தால்’ என்பதை நிரூபித்துவிட்டு எழுதுங்கள். ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1,000 பேருக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்பதுதான் அந்த எண். இயல்பாக 100 பெண் குழந்தைக்கு 105 ஆண் பிறக்கும். அதாவது ஆயிரத்துக்கு 950 பெண்ணாவது இருக்க வேண்டும். 2001இல் மாநிலத்துக்கு 942, சேலத்துக்கு 851. ஆயிரத்துக்கு நூறு பெண் குழந்தைகளைக் காணோம். பெண் சிசுவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விடச் சொல்லும் அந்தத் திட்டம் இதே சேலத்தில் 1992இல் தொடங்கியது. ஒன்பது ஆண்டுக்குப் பிறகும் எண் 851தான். நடுவே ஸ்கேன் வந்தது, 1994இல் அதில் பாலினம் பார்ப்பதற்கு எதிரான சட்டம் வந்தது, படிப்பும் வருமானமும் மாறின. 1991 எண்ணை எடுத்தால் இன்னொரு சிக்கல்: அன்றைய சேலத்துக்குள் நாமக்கல்லும் இருந்தது, 1997 ஜனவரி 1இல்தான் தனி மாவட்டமானது. பெயர் ஒன்றாக இருப்பதால் ஊரும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

கேள்வி: கன்ட்ரோல் குரூப் என்பதற்கு நம்மூர் உதாரணம் உண்டா? – பொருளியல் மாணவர், திருச்செங்கோடு

உங்கள் ஊர்ப் பக்கம் ஆசிரமம் வைத்திருந்த ராஜாஜியே கொடுத்திருக்கிறார். 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் மட்டும் கொண்டுவந்தார். அதன் பிறகு குடும்பங்களின் கையில் காசு நின்றது என்றால், அது கள்ளுக்கடை மூடியதாலா, மழையாலா, நூல் விலையாலா? கடை திறந்தே இருந்த கோயம்புத்தூரில் அதே மாதங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் தெரியும். அந்தக் கோவைதான் கன்ட்ரோல் குரூப். சேலத்து மாற்றத்திலிருந்து கோவை மாற்றத்தைக் கழியுங்கள். மிச்சம்தான் மதுவிலக்கின் கணக்கில் வரும். அரசு இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. அதில் கன்ட்ரோல் குரூப் யாரும் இல்லை; எல்லோரும் கட்டினார்கள்.

கேள்வி: பி வேல்யூ 0.05க்குக் கீழே வராவிட்டால் கைடு திட்டுகிறார். அது அவ்வளவு புனிதமான எண்ணா? – ஆய்வு மாணவி, நாமக்கல்

புனிதம் ஒன்றுமில்லை, புள்ளியியலாளர் ஃபிஷர் 1925இல் வசதிக்கு வைத்த கோடு. தின்று பார்த்தே நாட்டுக்கோழி முட்டையைக் கண்டுபிடிப்பேன் என்கிற மாமா ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். எட்டு ஆம்லெட் போடுங்கள்: நான்கு நாட்டு முட்டை, நான்கு பண்ணை முட்டை. நான்குக்கு நான்கு என்று சொல்லிவிட்டு, கண்ணைக் கட்டிக் கொடுங்கள். குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகப் பிரிக்க 70இல் 1 வாய்ப்பு, அதாவது 0.014. சொல்லிவிட்டால் மரியாதையாக ஒத்துக்கொள்ளலாம். நாட்டு முட்டையில் ஒன்றைத் தவறவிட்டால், அவ்வளவாவது சரியாக வர 70இல் 17 வாய்ப்பு. அதை யாரும் சொல்வார்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: 0.014 என்பது மாமா புளுகுகிறார் என்பதற்கான வாய்ப்பு அல்ல. புளுகுகிறவருக்கு இப்படி அமைகிற வாய்ப்பு. (தேநீர்க் கோப்பைகளை வைத்து ஃபிஷர் 1935இல் எழுதியது இதே சோதனை.)

கேள்வி: பரீட்சை எழுதாத எங்களுக்கு ஏதாவது உண்டா? – இல்லத்தரசி, எடப்பாடி

உங்களிடம்தான் எல்லாமே தொடங்குகிறது, அம்மா. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. வயது கேட்டால் 35, 40 என்று ரவுண்டாகச் சொல்கிற பழக்கத்தால், நம் கணக்கெடுப்பு அட்டவணைகளில் 0, 5இல் முடிகிற வயதுகள் மட்டும் மேடு தட்டி நிற்கும். 37 என்றால் 37 என்றே சொல்லுங்கள்.