மருமகனே, இனி நீங்களும் வீட்டுக்காரர்

வாங்க மருமகனே, திண்ணையில உக்காருங்க. முடங்கியார் ரோட்டுப் பக்கம் நாலு லைன் வீடு விலைக்கு வருதாம், நீங்க முடிக்கப் போறீகளாம்; டீக்கடையில காது குளிரக் கேட்டேன். சந்தோசம். இனிமே உங்களை ‘வீட்டுக்காரர்’னு கூப்பிடுவாக. நம்ம பக்கம் அந்தப் பேரு ரெண்டு பேருக்குத்தான்: தாலி கட்டுனவனுக்கும், வாடகைக்கு விட்டவனுக்கும். ரெண்டு பேரு சொல்லும் வீட்டுக்குள்ள எடுபடாது. ஒண்ணுக்கே முழிக்கிறவுக, இன்னொண்ணையும் தலையில ஏத்துறீகளே, கெட்டிக்காரர்தான்!

கணக்கு என்னன்னு கேட்டா விரலை மடக்காமச் சொல்லுறீக. 40 லட்சம் போட்டா, வீட்டுக்கு 4,000 வீதம் மாசம் 16,000, வருசத்துக்கு 1,92,000. நூத்துக்கு அஞ்சுகூடத் தேறலையே மருமகனே! அதுலயும் மோட்டார் காயில் எரியும், தொட்டி ஒழுகும், வீட்டு வரி வரும். ஆனிக் கடைசியில காலியான வீட்டுக்கு ஆடி முழுக்க ஆள் வராது. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் தேரே நகரும். புதுசா வாடகைக்காரன் ஒருத்தன் நகர்ந்து வர மாட்டான்.

“அப்ப ஒத்திக்கு விட்டுருவோம் மாமா”ங்கிறீக. அதுவும் சுகம்தான். 3 லட்சத்தை மொத்தமா வாங்கிக்கிடலாம், மாசா மாசம் வாடகை கேட்டு அலைய வேண்டாம். மகளுக்குச் சீர் செஞ்சு அந்தப் பணமும் தீர்ந்துரும். மூணாவது வருசம் ஒத்திக்காரர் வந்து, “பணம் ரெடியா அண்ணாச்சி?”ன்னு சிரிப்பார். நீங்க அடுத்த ஒத்திக்காரரைத் தேடி ஓடுவீக. அவர் பணம் இவருக்கு, இன்னொருத்தர் பணம் அவருக்கு. வீடு உங்களுது, ஓட்டமும் உங்களுது. இதுல அந்த ஒத்தியை வெறும் ஸ்டாம்பு பேப்பர்ல எழுதி மடிச்சு வச்சிருப்பீக. நூறு ரூபாயிலிருந்து மேல எந்த ஒத்தியும் பத்திரப் பதிவுல ஏறணும்னு 1882ஆம் வருசத்துச் சொத்து மாற்றுச் சட்டமே சொல்லுது. உங்க தாத்தா பிறக்குறதுக்கு முன்னாடி வந்த சட்டம், பாவம், இன்னும் நீங்க படிப்பீகன்னு காத்துக் கிடக்கு.

வாடகைக்கு விடுறதுக்கும் புதுச் சட்டம் ஒண்ணு இருக்கு. 2017ல போட்டு, 2019 பிப்ரவரி 22ல நடைமுறைக்கு வந்தது. வாடகையை எழுத்துல எழுதணும், 90 நாளுக்குள்ள வாடகை அதிகாரிகிட்ட பதியணும். வேற மாதிரி எழுதிக்கிடலைன்னா மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கிடையாது. பாக்கி வச்சான்னு கரண்டைப் பிடுங்குறது, தண்ணிக் குழாயை அடைக்கிறதெல்லாம் தப்பு. உள்ள போய்ப் பார்க்கணும்னா 24 மணி நேரத்துக்கு முன்னாடியே எழுதிச் சொல்லணும். உங்க வீட்டுக்குள்ள போக நீங்களே சீட்டு எழுதணும், எப்படி!

அதனால நம்ம ராஜபாளையம் நாய்கிட்டப் பாடம் கேளுங்க. வெள்ளை உடம்பு, ரோசா மூக்கு. வாசல்ல படுத்துக் காவல் காக்கும், அடுப்படிக்குள்ள போய்ச் சட்டியில என்ன வேகுதுன்னு எட்டிப் பார்க்காது. நல்ல வீட்டுக்காரருக்கு லட்சணம் அதுதான்.

நான் அறிய, வீட்டு விசயத்துல நிம்மதியா இருந்தவர் குமாரசாமி ராஜா ஒருத்தர்தான். 1949லருந்து 1952 வரை சென்னை மாகாணத்துக்கே முதலமைச்சரா இருந்தவர், தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துட்டார். வாடகை பாக்கி இல்ல, வெள்ளையடிக்கிற சண்டை இல்ல. அந்த மனசு நமக்கு வராது. நம்ம நிம்மதிக்கு ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும்.

கிளம்புறீகளா? ஒரு விசயம் மருமகனே. அந்த நாலுல ஒரு வீட்டை நம்ம பேரனுக்கு ஒதுக்கி வைங்க. வாடகையை அப்புறம் பேசிக்கிடுவோம். சொந்தக்காரங்களுக்குள்ள எழுத்து எதுக்கு?

என்ன, தலையை ஆட்டுறீக? போச்சு! இவ்வளவு நேரம் நான் சொன்னதெல்லாம் வீண். “எழுதிக்கிடுவோம் மாமா”ன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னைக்கு வாய் வருதோ, அன்னைக்கு வீடு வாங்குங்க.